உப்புமா அல்ல, உப்பு மா

இரண்டு சொல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். சென்ற மாதம் ஐஸ்கிறீம் டப்பா ஒன்றில் ‘உப்பு மா’ என்று எழுதி ஒட்டிக் குசினி மேசையில் வைத்திருந்தேன். வேலை முடிந்து பசியோடு வந்த மருமகன் மூடியைத் திறந்து ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டார். ஊதா நிறத்தில் யார் உப்புமா கிண்டுவார்கள் என்று அவர் ஒரு கணம் யோசித்திருக்கலாம். “மாமி, உப்பு கொஞ்சம் கூடிவிட்டது” என்றார். பாவம், மரியாதையான பிள்ளை.

கடையில் பிளே டோ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நாங்கள் முன்பள்ளியில் உப்பு மா என்றே சொல்லிப் பழகினோம். கோதுமை மா, உப்பு, தண்ணீர், எண்ணெய், கொஞ்சம் புளிப்பு. பிள்ளைகள் உருட்டவும் தட்டவும் குத்தவும் அவ்வளவே போதும். மட்டக்களப்பு கல்லடியில் 19 ஆண்டுகள் முன்பள்ளியில் படிப்பித்தவள் நான். இப்போது எனக்கு மாணவன் ஒருவன்தான், மூன்றரை வயதுப் பேரன். சம்பளமும் இல்லை, விடுமுறையும் இல்லை. ஆடியில் தொடங்கி மார்கழி வரைக்கும் கடையில் வாங்கியது இரண்டு வகை, வீட்டில் குழைத்ததும் கிண்டியதுமாகச் சில வகை என்று அவன் கையில் கொடுத்துப் பார்த்தேன். பழைய பழக்கத்தில் சிவப்புப் பேனாவால் புள்ளியும் போட்டிருக்கிறேன்.

முதலாவது, மகள் நகரத்துக் கடையொன்றில் 1,450 ரூபாய் கொடுத்து வாங்கி வந்த ஆறு டப்பாப் பெட்டி. இறக்குமதிச் சரக்கு. முதல் நாள் குறை சொல்ல எதுவும் இல்லை. பிஞ்சு விரல் அழுத்திய இடத்தில் ரேகைகூடப் பதிந்தது. ஆனால் ஒரு டப்பாவில் இருப்பது பெரிய தேசிக்காய் ஒன்றின் அளவுதான். அதில் யானை செய்தால் தும்பிக்கைக்கு மா காணாது. எங்கள் வீட்டு யானை இரண்டு நிறமாயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை, பேரனுக்கு இருந்தது.

இரண்டாம் நாள் கச்சான் வீசியது. இந்தப் பக்கத்துக் காற்றை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன், இங்கே கச்சான் என்றால் வறுத்துக் கொறிக்கிற கடலை மட்டும் அல்ல. ஆனி ஆடியில் மேற்கே இருந்து வருகிற வரண்ட காற்றுக்கும் அதே பெயர். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் அந்தப் பக்கத்தில் கொட்டிவிட்டு, எங்கள் பக்கம் இறங்கும்போது வெறுங்கையோடும் சூட்டோடும் வரும். கொடியில் போட்ட சேலையை மடிக்கப் போவதற்குள் அது மொரமொரவென்று நிற்கும். பேரன் மூட மறந்த நான்கு டப்பாவும் பின்னேரத்துக்குள் சுண்ணாம்புக் கட்டியாகிவிட்டன. தண்ணீர் தெளித்துப் பிசைந்து பார்த்தேன். வெளியே சேறு, உள்ளே கல்.

மூடாதது பிள்ளையின் பிழைதானே என்று மகள் வாதாடினாள். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு என்று விற்கிற பொருள் மூன்றரை வயதுப் பிள்ளையின் மறதியையும் தாங்க வேண்டும் என்பது என் கட்சி. பெட்டியில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. ‘இதில் கோதுமை சேர்ந்திருக்கிறது’ என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் கிடந்தது. கோதுமை ஒவ்வாத பிள்ளை உள்ள வீட்டில் அந்த ஒரு வரிதான் முக்கியமான வரி. 100க்கு 40. சாதாரண சித்தி.

இந்தச் சாமானின் பிறப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் ஒரு சவர்க்காரக் கம்பனி, சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளில் படிந்த நிலக்கரிப் புகையை ஒற்றி எடுக்கவென்று இதை விற்றுக்கொண்டிருந்தது. வீடுகளில் நிலக்கரி அடுப்புகள் குறைந்து, கழுவக்கூடிய சுவர்த்தாளும் வந்த பிறகு வாங்க ஆளில்லை. அந்தக் கம்பனிக்காரர் ஜோ மக்விக்கரின் உறவுக்காரியான கே சூஃபோல் என்பவர் பாலர் வகுப்பு நடத்திய ஆசிரியை. அவர் அந்தப் பசையைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். 1956இல் அது விளையாட்டுப் பொருளாகக் கடைக்கு வந்தது. பெயர் வைத்ததும் கே சூஃபோலின் வீட்டில்தான். கம்பனி யோசித்து வைத்திருந்த பெயர் ஒரு முழ நீளம். எங்கள் தொழில்காரி ஒருத்தி மூழ்கிக்கொண்டிருந்த கம்பனியைக் கரைசேர்த்தாள் என்று இதைப் படித்த நாளில் எனக்கு ஒரு சுற்றுப் பெருமை. ஆனாலும் புள்ளியைக் கூட்டவில்லை.

கடையில் வாங்கிய இரண்டாவது வகை, பென்சில் தடிப்பில் நிறநிறமாக வருகிற எண்ணெய்க் கிளே. இதன் மூதாதையான பிளாஸ்டிசினைச் செய்தவரும் ஓர் ஆசிரியர்தான். இங்கிலாந்தின் பாத் நகரத்தில் சித்திரம் படிப்பித்த வில்லியம் ஹார்பட், தன் மாணவர்களுக்குக் காய்ந்து போகாத களி வேண்டுமென்று 1897இல் அதைச் செய்தார். அவர் வாக்கு தவறவில்லை, இது எந்தக் கச்சானிலும் காயாது. காயாததுதான் கரைச்சல். பாயில் ஒட்டியது, கதிரைக் கவர்ச்சீலையில் ஒட்டியது, பேரனின் பிடரி மயிரில் ஒட்டியதைத் தேங்காய் எண்ணெய் தடவி எடுத்தேன். காலையில் பிள்ளையின் கைக்கு இறுக்கமாக இருக்கும். வெயிலில் நிறுத்திய ஓட்டோவில் அரை மணித்தியாலம் கிடந்தால் இளகி ஒரே சகதியாகும். ஆறு வயதுக்கு மேல் நுணுக்கமாகச் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு நல்லது, 65 கொடுப்பேன். மூன்று வயதுக்கு 30.

இனி வீட்டுச் சரக்கு.

நான் உப்பு மா குழைக்கப் பழகியது வகுப்பறையில் அல்ல. 2004 கடல்கோளுக்குப் பிறகு நலன்புரி முகாமில். பிள்ளைகளுக்குக் கையில் எதுவும் இல்லை, எங்களுக்கும் இல்லை. நிவாரணமாக வந்த கோதுமை மா இருந்தது, உப்பு இருந்தது. இரண்டு கோப்பை மாவை உப்போடு குழைத்துக் கொடுத்தேன். ஒரு மூதாட்டி வந்து, “தின்னத் தந்த மாவை விளையாடவா கொடுக்கிறாய், பிள்ளை?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கேட்டது நியாயம். பக்கத்தில் உருட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சத்தம் போட்டார்கள், அதுவும் நியாயம். இன்றைக்கும் நல்ல மாவை இதற்கு எடுக்க என் கை கூசும். 2022இல் மா விலை ஏறியபோது முழுதாக நிறுத்திவிட்டேன். இப்போது வண்டு விழுந்த மாவை அரித்து இதற்கென்று ஒரு ரின்னில் போட்டு வைக்கிறேன்.

அந்த முகாமில் செய்தது பச்சையாகக் குழைத்த மா. அடுப்பே வேண்டாம், ஐந்து நிமிட வேலை. ஆனால் அடுத்த நாள் அது பிசுபிசுக்கும், மூன்றாம் நாள் புளித்த மணம் வரும். வேகாத மாவில் வயிற்றைக் கெடுக்கிற கிருமி இருக்கலாம் என்பதையும் பின்னாளில்தான் அறிந்தேன். வாயில் போடாத மூன்று வயதுப் பிள்ளையை நான் கண்டதில்லை. 35, அதுவும் பழைய நன்றிக்காக.

கிண்டிய மாவுக்கு வருகிறேன். இரண்டு கோப்பை கோதுமை மா, முக்கால் கோப்பை உப்பு, இரண்டு கோப்பைக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி தேசிப்புளி, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய். எல்லாவற்றையும் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே தாச்சியில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். பிறகு சிறு நெருப்பு. முதலில் பால் போல ஆடும், நம்பிக்கையே வராது. அடியில் ஒரு தடிப்புத் தட்டும், அகப்பை கனக்கும். அதற்குப் பிறகு ஒரே நிமிடத்தில் எல்லாம் திரண்டு தாச்சியை விட்டு விலகி அகப்பையில் ஏறிக்கொள்ளும். தொதல் கிண்டிக் கை பழகியவர்களுக்கு அந்த நிமிடம் தெரியும், மற்றவர்களுக்கு இரண்டாம் தடவை தெரியும். 60 பாகை செல்சியசைத் தாண்டும்போது மாவில் உள்ள மாப்பொருள் தண்ணீரைக் குடித்து வீங்கிக் களியாகிறது. இடியப்பத்துக்குக் கொதிநீர் ஊற்றிக் குழைக்கிற கைக்கு இதைப் புத்தகம் வந்து சொல்லித்தரத் தேவையில்லை. இறக்கிப் பலகையில் கொட்டி, சூடு பொறுக்கும் பதத்தில் எண்ணெய்க் கையால் நன்றாகப் பிசைய வேண்டும். இந்தப் பிசைதலில் சோம்பினால் மா காலமெல்லாம் சொரசொரப்பாகவே இருக்கும்.

இதற்கு 90. கன்னத்தில் வைத்துப் பார்த்தால் பிள்ளைக் கன்னம் போல் இருக்கும். இரண்டு கோப்பை மாவில் ஒரு பிள்ளைக்கு யானை, பாகன், யானைக்குப் பழக்குலை எல்லாம் செய்யலாம். தேசிக்காய் வீட்டு மரத்தில், வண்டு விழுந்த மாவுக்கு விலையில்லை. உப்புத்தான் செலவு. 2025இல் உப்புக்கே தட்டுப்பாடு வந்தபோது முக்கால் கோப்பை அளக்க மனம் வரவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

குறைத்த 10 புள்ளிக்குக் காரணம் உண்டு. பிள்ளையின் கையில் ஒரு கீறல் இருந்தால் உப்பு எரிக்கும். அன்றைக்கு மாவை எடுக்கவே கூடாது. உப்பு அவ்வளவு இருப்பதால் ஒரு கடி கடித்த பிள்ளை தானே துப்பிவிடும், ஆனால் நாய் துப்பாது. உப்பு மாவைத் தின்ற நாய் செத்துப்போகக்கூடும். எங்கள் வீட்டு நாய் மேசைக்கு எட்டும் உயரம் என்பதால் டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைக்கிறேன். கோதுமை ஒவ்வாத பிள்ளைக்கு அரிசி மாவில் செய்யலாம். அது இழுபடாது, வெடிக்கும், என்றாலும் உருட்டலாம்.

அவித்த மாவிலும் முயன்றேன். எங்கள் பக்கத்து வீடுகளில் பிட்டுக்கென்று கோதுமை மாவை அவித்து அரித்து வைத்திருப்போமே, அது. கிருமிக் கவலையும் இல்லை, கிண்டவும் வேண்டாம், உப்புக் கலந்த கொதிநீரை ஊற்றினால் போதும் என்று கணக்குப் போட்டேன். கணக்குப் பிழைத்தது. ஆவியில் அவிந்த மாவில் பசையம் செத்துவிடுகிறது, இழுத்தால் உதிர்கிறது. பேரன் இரண்டு கையாலும் பொடித்துச் சிரட்டையில் அடைத்துக் கவிழ்த்து, “அம்மம்மா, பிட்டு!” என்றான். பிட்டுக்கு அவித்த மா பிட்டாகத்தான் ஆகும். அவனுக்கு அன்றைக்கு நல்ல விளையாட்டு, ஆகவே 50.

சமையல் குறிப்புகள் எல்லாம் கிறீம் ஒஃப் டாட்டர் என்று ஒன்றைக் கேட்கும். அதைத் தேடிக் காத்தான்குடிக்குப் போனேன். பிரதான வீதியில், நடுவில் ஈச்சமரங்கள் வரிசையாக நிற்கிற இடத்தில், கேக் சாமான் மட்டுமே விற்கிற சிறிய கடை. கடைக்காரத் தம்பி நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எடுத்து வைத்துவிட்டு, “டீச்சர், கேக்குக்கா, உப்பு மாவுக்கா?” என்று கேட்டார். எனக்கு வியப்பு. உப்பு மாவுக்கு என்றேன். “அப்படியானால் வேண்டாம் டீச்சர். தேசிப்புளி போதும். விலை உங்களுக்குத் தெரியும்தானே” என்று திரும்ப எடுத்து உள்ளே வைத்துவிட்டார். விற்கிற சாமானை வேண்டாம் என்று சொல்லும் கடையை இந்த மாவட்டத்தில் நான் அதிகம் கண்டதில்லை. பிடிவாதமாக ஒரு சிறு பைக்கற் வாங்கி வந்து கிண்டிப் பார்த்தேன். மா ஒரு சுற்று மென்மையாக இருந்தது உண்மை. அந்த ஒரு சுற்றுக்காகப் பஸ் ஏற வேண்டியதில்லை. தம்பி சொன்னதுதான் சரி. கடைக்கு 95.

இருந்தாலும் அந்தப் பைக்கற் என்னைச் சும்மா விடவில்லை. கிறீம் ஒஃப் டாட்டர் என்பது தார்த்தாரிக் அமிலத்தின் பொட்டாசிய உப்பு. அதே அமிலம்தான் எங்கள் பழப்புளியின் புளிப்பு. பிறகென்ன, ஒரு தேசிக்காயளவு புளியைக் கரைத்து வடித்து, தேசிப்புளிக்குப் பதிலாக அந்தத் தண்ணீரை ஊற்றிக் கிண்டினேன். திரண்டு வந்த மா, வயலோரக் களிமண்ணின் அதே கபில நிறம். பதமும் அருமை. பானை செய்தால் பானையாக இருந்தது, யானை செய்தால் இரண்டு நிறக் கவலையில்லை. வெற்றி என்று எண்ணி 100ஐ எழுதப் பேனாவை எடுத்தேன். அந்த நேரம் பேரன் யானையின் முதுகை நக்கிக்கொண்டிருந்தான். புளி மணம் வந்தால் பெரியவர்களுக்கே நாவூறும், அவன் என்ன செய்வான். நக்கத் தூண்டுகிற உப்பு மாவை மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. ஏழு எட்டு வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் செய்து பாருங்கள். அவர்கள் களிமண் தேடி வயலுக்கு இறங்க மாட்டார்கள்.

நிறம் சேர்க்க உணவுக் கலரிங் இரண்டு துளி போதும். நான் தோட்டத்தையும் விடவில்லை. மஞ்சள் நம்பிக்கையான சரக்கு, நகத்தில் இரண்டு நாள் நிற்கும், அவ்வளவுதான். பீட்ரூட்டை நம்பாதீர்கள். தாச்சியில் ரோசாப்பூவாக இறங்கியது, சூட்டில் பழுப்பாக வந்தது. வேலியில் படர்ந்த நீலச் சங்குப்பூவை ஊறவைத்து நல்ல நீலம் எடுத்தேன். தேசிப்புளி விழுந்ததும் கண்முன்னே ஊதாவானது. மருமகன் தின்றது அதைத்தான். நீலமே வேண்டுமென்றால் புளிப்பை விட்டுவிட வேண்டும், மா கொஞ்சம் முரடாகும். மஞ்சள் மாவில் ஒரு துண்டைக் கிள்ளி அப்பச்சோடாவைத் தொட்டுப் பிசையக் கொடுத்தால் அது குங்குமச் சிவப்பாகும். பேரனுக்கு இதைக் காட்டியது என் பிழை. இப்போது வீட்டில் அப்பச்சோடா மிஞ்சுவதில்லை.

மாரியைச் சொல்லாமல் இந்த மாவைப் பற்றி எழுதக் கூடாது. ஐப்பசிக்குப் பிறகு, வாடைக்காற்றோடு மழை தொடங்கியதும், கச்சான் நாளில் பட்டு போல் இருந்த அதே மா வியர்த்து வழிந்தது. டப்பாவைத் திறந்தால் கூழ். குற்றம் மாவில் இல்லை, உப்பில். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுக்கத் தொடங்கும். மாரியில் குசினி உப்புப் போத்தல் கசிந்து கிடப்பதை எல்லாரும் கண்டிருக்கிறோம். வரண்ட ஊர்க்காரர் எழுதிய குறிப்பில் இது இருக்காது. அதில் ஒரு கோப்பை உப்பு என்று இருந்தால் கச்சான் நாளில் சரி. மாரியில் அரைக் கோப்பைக்கு மேல் வேண்டாம், தண்ணீரையும் கால் கோப்பை குறையுங்கள், எண்ணெயை ஒரு கரண்டி கூட்டுங்கள். உப்புக் குறைந்த மா நீண்ட நாள் நிற்காது, இரண்டு கிழமையில் கறுப்புப் புள்ளி பூக்கும். கண்டதும் வீசிவிடுங்கள், சுரண்டிப் பார்க்காதீர்கள். கச்சான் காலத்து மா எனக்கு ஒன்பது கிழமை நின்றது.

பிரிட்ஜில் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். தேங்காய் எண்ணெய் உறைந்து மா கல்லாகும். வெளியே எடுத்ததும் மேலே நீர் கோக்கும். எருமைத் தயிர் வந்த மண்சட்டியில் வைத்தும் பார்த்தேன், அழகாக இருந்தது, சட்டி ஈரத்தைக் குடித்து மாவை ஒரே நாளில் காய வைத்துவிட்டது. இறுக்கமாக மூடுகிற பழைய ஐஸ்கிறீம் டப்பாதான் சரி. வெளியே எழுதும்போது மட்டும் ‘சாப்பிட வேண்டாம்’ என்றும் சேர்த்து எழுதுங்கள்.

இடியப்ப உரலைப் பற்றி ஒரு சொல். மாவைக் கண்ட பிள்ளை அதைக் கட்டாயம் கேட்கும். அதில் பிழிகிறபோது புழுப்புழுவாக விழுகிற சந்தோசத்துக்கு ஈடில்லை. சமைக்கிற உரலைக் கொடுத்தால் துளைகளுக்குள் உப்பு மா காய்ந்து, ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்த வேண்டியிருக்கும். நான் குத்தினேன். பழைய உரலொன்று பரணில் கிடந்தால் இறக்கிக் கொடுங்கள்.

காத்தான்குடிக் கடைக்குப் போவதானால், கல்லடியில் கல்முனை பஸ் ஏறினால் பத்து நிமிடம்தான். வெள்ளிக்கிழமை நண்பகலில் போகாதீர்கள், தொழுகைக்குப் பூட்டியிருக்கும். நான் மறந்து போய் ஈச்சமர நிழலில் முக்கால் மணித்தியாலம் நின்றேன். மரம் உயரம், நிழல் சிறியது.